எண்ணெய்க்கு என்ன நிறம்

கெலுகோர், பினாங்கு
12 மார்ச் 1984

அன்புத் தம்பி பரமநாதனுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ சிங்கப்பூரில் கரை இறங்கும்போது கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இந்தக் கடிதம் உனக்காகக் காத்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். ஜூன் மாதம் சுற்றுச்சூழல் வாரம் வருகிறது. கரையோர மீனவர்களுக்காக வேலை செய்கிற சங்கம் ஒன்று இங்கே கண்காட்சி வைக்கிறது. கப்பல்கள் நீரிணையில் கொட்டுகிற எண்ணெயைப் பற்றி ஒரு சுவரொட்டி வேண்டுமாம். அது என் தலையில் விழுந்தது. நானும் ஆசையாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

முதல் படத்தை வரைந்து சுவரில் மாட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தேன். அழுகிற மீன், செத்த ஆமை, கறுப்பு அலை, புகை கக்குகிற கப்பல், கீழே மூன்று மொழியில் வாசகம். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கிறவள் வரைந்ததா இது? எல்லாம் ஒரே நேரத்தில் கத்துகிறது. அதனால் எதுவுமே காதில் விழவில்லை. ஒரு படத்தில் கண் வந்து நிற்க ஓர் இடம் வேண்டும். அங்கிருந்து அது எங்கே நகர வேண்டும் என்பதை வரைகிறவள் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். நான் ஆத்திரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் தாளில் கொட்டியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கடலில் எண்ணெய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தார் மாதிரி கறுப்பாகப் பூசியிருக்கிறேன். பார்த்தாலே பொய் என்று தெரிகிறது. நீ எண்ணெய்க் கப்பலில் மூன்றாவது இஞ்சினியர். எங்கேயாவது பார்த்திருப்பாய். எண்ணெய்க்கு என்ன நிறம், அது எப்படிப் பரவும், அலை மேலே அது என்ன செய்யும்? கொஞ்சம் விவரமாக எழுது.

சாப்பாட்டைக் கவனி. போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

அன்புடன்,
அக்கா கமலாம்பிகை


சிங்கப்பூர்
29 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சுது. ஆமையையும் மீனையும் நினைச்சு கேபின்ல தனியா சிரிச்சேன். கோவிச்சுக்காதீங்க.

அக்கா, எண்ணெய் கறுப்பே இல்ல. அதுதான் உங்க படத்துல தப்பு. ரொம்ப மெல்லிசா இருந்தா வெள்ளி மாதிரி மினுக்கும். கொஞ்சம் தடிச்சா வானவில். நீலம், ஊதா, பச்சை எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுத்திச் சுத்திப் போகும். மயில் கழுத்து கெட்டது போங்க. உண்மையைச் சொன்னா பாக்க அழகா இருக்கும். இன்னும் தடிச்சா பழுப்பு. ரெண்டு மூணு நாள் அலையில அடிபட்டா தண்ணியும் எண்ணெயும் கலந்து கெட்டியாயிடும். பாசார்ல கயா விக்கிறாங்களே, ரொட்டியில தடவுறது, அச்சு அசல் அந்தப் பழுப்பு நிறம், அந்த ஜாம் பதம். கரைக்கு வந்து ஒட்டுறது அதுதான்.

இன்னொண்ணு. எண்ணெய் படிஞ்ச இடத்துல சின்ன அலையே இருக்காது. சுத்தி எல்லாம் காத்துல சிலுசிலுன்னு இருக்கும், அந்த இடம் மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி வழவழன்னு கிடக்கும். கடல் அங்க மட்டும் தூங்கிப்போச்சோன்னு தோணும். குழாயிலருந்து விழும்போது சூடா இருக்கிறதால ஆவி பறக்கும். விழுந்த இடத்துல முதல்ல ஒரு கறுப்பு வட்டம், அடுத்த நிமிஷமே கப்பல் முன்னால போயிடுறதால அது நீண்டு வால் மாதிரி ஆயிடும். திரும்பிப் பாத்தா நம்ம வந்த வழி முழுக்க ஒரே கோடு.

இது போதுமா? நாளைக்கு பேங்காக் போறோம். சாப்பாடு பரவாயில்ல. குக் மாறிட்டான், இவன் சம்பால் நல்லா போடுறான்.

அன்பு,
பரமா


கெலுகோர்
10 ஏப்ரல் 1984

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மேசை மேல் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டாவது படம் வரைந்தேன். வானவில்லையே வரைந்தேன். தாள் முழுக்க நீலமும் ஊதாவும் பச்சையும் சுழல்கிற மாதிரி. பட்டுத்திரையில் அச்சடிக்க எத்தனை நிறம் பிடிக்கும் என்று கேட்க சூலியா தெருவுக்குப் போனேன். அங்கே அச்சுக்கூடம் வைத்திருக்கிற பழனியப்பனை உனக்குத் தெரியுமே, நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையெல்லாம் அடித்தவர். அவர் மனைவி உள்ளே இருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த டிசைன்ல சேலை வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க" என்றார்.

அங்கேயே படத்தைச் சுருட்டிவிட்டேன். அவர் மேல் தப்பே இல்லை. அழகான நிறத்தைப் பார்த்தால் மனம் அதன் பக்கம் சாயத்தான் செய்யும். விஷத்தை நான் மயில் கழுத்தாக்கிக் காட்டினால் பார்க்கிறவர்கள் அதை ரசித்துவிட்டுப் போவார்கள். பார்த்ததை அப்படியே வரைந்துவிட்டால் அது உண்மையாகிவிடாது போலிருக்கிறது.

சரி, படத்தை விடு. பரமா, இதை எப்படிக் கேட்பது என்று இரண்டு நாளாக யோசித்தேன். தூரத்தில் வேறு கப்பல் விட்டுப் போனதைப் பார்த்தவனுக்கு வானவில் தெரியும், வழவழப்பும் தெரியும். குழாயிலிருந்து விழும்போது ஆவி பறப்பது தெரியுமா? "நம்ம வந்த வழி" என்று எழுதியிருக்கிறாயே.

அது யாருடைய குழாய்?

அக்கா


பேங்காக்
26 ஏப்ரல் 1984

அக்காவுக்கு,

நீங்க படம் வரைய விவரம் கேட்டீங்க, எழுதினேன். வக்கீல் மாதிரி ஒவ்வொரு வரியையும் பிடிச்சு இழுப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கவே மாட்டேன்.

கப்பல்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. எண்ணெய் டாங்கியைக் கழுவின தண்ணியைக் கரையில இறக்கணும்னா அதுக்குன்னு துறைமுகத்துல இடம் வேணும், இருந்தாலும் வரிசையில நிக்கணும். நின்னா கம்பெனி கேக்கும். கேப்டன் சீஃப் இஞ்சினியரைக் கேப்பார், சீஃப் என்னைக் கேப்பார். எனக்குக் கீழே கேக்க ஆள் இல்ல. நீரிணையில போற எல்லாக் கப்பலும் புனிதம், எங்க கப்பல் மட்டும்தான் பாவமா?

கெலுகோர்ல மின்விசிறிக்குக் கீழே உக்காந்துக்கிட்டு கடலைக் காப்பாத்துறது சுலபம்.

பரமநாதன்


கெலுகோர்
11 மே 1984

தம்பி,

உனக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போன சனிக்கிழமை சங்கத்துக்காரர்கள் கெரேத்தா அனுப்பி, அந்தக் காரில் என்னைத் தெலுக் கும்பாருக்கு அழைத்துப் போனார்கள். கரையில் எண்ணெய் ஒதுங்கியிருக்கிறது, வரைகிறவள் நேரில் பார்க்கட்டும் என்றார்கள். நீ எழுதியது அட்சரம் பிசகாமல் சரி. கயா நிறம், கயா பதம். மணலில் பட்டை பட்டையாக, பாறையில் முழங்கால் உயரத்துக்கு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தேன். கால் விரலிடுக்கில் இருந்தது இன்னும் முழுசாகப் போகவில்லை.

அங்கே நோர்மா என்ற பெண்ணைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் அப்துல் ரசாக் சின்னப் படகில் போய் வலை போடுகிறவர். ராத்திரி போட்ட வலையைக் காலையில் இழுத்திருக்கிறார். வலையோடு எண்ணெயும் வந்திருக்கிறது. கம்போங்கில், அந்த மீனவக் கிராமம் முழுக்க, அதே கதை. நோர்மா வலையை முற்றத்தில் விரித்து மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் ஒவ்வொரு கண்ணாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடம் இளகிப்போய் அறுந்தது. அவள் நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் குந்தினேன். "டீச்சர், உடுப்பு கெட்டுடும்" என்று மலாயில் சொன்னாள். மறுபடி துணியை எடுத்தாள். அழவில்லை. திட்டினால்கூட எனக்குத் தேவலை என்றிருந்தது.

அப்துல் ரசாக் அசையாமல் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தக் கப்பல் என்று யாருக்கும் தெரியாது என்றார். ராத்திரி விளக்குகள் மட்டும்தான் தெரியுமாம், எல்லாம் ஒரே மாதிரி.

துறைமுகத்தில் விசாரித்தேன்: நீ மே மாதத் தொடக்கத்தில் எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில், எண்ணெய் இறக்கிவிட்டுத் தெற்கே போனாய். வீட்டுக்கு வராமலே போனாய்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஆம் என்றோ இல்லை என்றோ எழுது.

கமலாம்பிகை


போர்ட் டிக்சன்
20 மே 1984

அக்கா,

ஆமா.

எங்க கப்பல்தான்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. ஆனா நாங்க விட்ட இடம் எனக்குத் தெரியும், அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்னு தெரியும், நீரோட்டம் வடக்கே போகும்னும் தெரியும்.

மத்தியானம், நல்ல மழை. மழை பெய்யும்போதுதான் விடுவாங்க, மேலேருந்து விமானம் பாக்காதுன்னு. சீஃப் வந்து பம்ப் அறைக் கதவுகிட்ட நின்னார். "தம்பி, குழாயைத் திற" ன்னார். அவர் நம்ம ஆள்தான், என்னை எப்பவும் தம்பின்னுதான் கூப்பிடுவார். உங்க கடிதம் சட்டைப் பையில இருந்துச்சு. கையில ஸ்பேனர் வெச்சுக்கிட்டு நின்னேன். அவர் கத்தல. "ஊர்ல உனக்கு வேலை காத்துக்கிட்டு இருக்கா?"ன்னு மெதுவா கேட்டார். அவ்வளவுதான். திறந்தேன்.

உங்க கடிதம் வந்ததுக்கு அப்புறமும் திறந்தேன், அக்கா. அதைத்தான் தாங்க முடியல. முன்ன திறந்தப்ப எல்லாம் வெறும் வேலை. இந்தத் தடவை எனக்குத் தெரியும்.

கரைக்கு வரும்னு நினைக்கல. கடல் பெருசு, கரைஞ்சுடும்னு சொல்லுவாங்க. நானும் நம்பினேன். நம்புறது வசதியா இருந்துச்சு.

அடுத்த மாசம் மறுபடி பினாங்குல இறக்கிட்டுத் திரும்புறோம். மறுபடி டாங்கி கழுவுவாங்க. மறுபடி சீஃப் வந்து கதவுகிட்ட நிப்பார்.

யார்கிட்டயும் சொல்லாதீங்க. கொஞ்ச நாள் விடுங்க.

பரமா


கெலுகோர்
28 மே 1984

பரமா,

கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை.

கப்பலின் பெயரை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். நீ சொல்ல வேண்டியதை நான் சொன்னால், பிறகு வாழ்நாள் முழுக்க அக்கா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்ற நிழலில் நீ ஒதுங்கிக்கொள்வாய். அந்த நிழலை உனக்குத் தர நான் தயாராக இல்லை. அதே நேரம் பரவாயில்லை, போனது போகட்டும் என்றும் எழுதமாட்டேன். அந்த முற்றத்தில் குந்தியிருந்தவள் நான்.

சுவரொட்டி முடிந்துவிட்டது. எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி உன்னுடையது.

தாள் முழுக்க வெறுமை. கடலுக்கு நிறமே கொடுக்கவில்லை. அச்சில்லாத வெள்ளைத் தாள்தான் கடல். கீழே வலது மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படகு, அதில் குனிந்து வலை இழுக்கிற ஒரு ஆள். இடது மேல் மூலையில் இருந்து ஒரே ஒரு பழுப்புக் கோடு. நீ எழுதிய வால். அது குறுக்கே இறங்கி வந்து வலையில் முடிகிறது. வலையின் ஒவ்வொரு கண்ணும் அந்தப் பழுப்பில். கப்பல் இல்லை. மீன் இல்லை, ஆமை இல்லை, கண்ணீர் இல்லை. ஒரு நிறம், ஒரு கோடு, மிச்சமெல்லாம் வெற்றிடம்.

"இவ்ளோ தாளை சும்மா விட்டிருக்கீங்களே டீச்சர்" என்று பழனியப்பன் வருத்தப்பட்டார். அந்தச் சும்மா விட்ட இடம்தான் வேலை செய்கிறது. ஆள் எவ்வளவு சின்னவர், கடல் எவ்வளவு பெரிது, அத்தனை பெரிய கடலில் அந்தக் கோடு எப்படித் தேடி வந்து அவர் கைக்குள் முடிகிறது என்று கண் தானே நடந்து தெரிந்துகொள்ளும். கப்பலைக் கோபத்தில் படத்திலிருந்து எடுக்கவில்லை. உன்னைக் காப்பாற்றவும் எடுக்கவில்லை. கப்பலை வரைந்தால் பார்க்கிறவர்கள் கப்பலைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கோடு எங்கிருந்து வருகிறது என்று அவர்களே தேடட்டும்.

அடுத்த மாதம் அவர் கதவருகில் வந்து நிற்கும்போது நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. நான் உன் அக்காதான், எது நடந்தாலும். ஆனால் அந்த நேரத்தில் நான் உன் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

கமலாம்பிகை


போர்ட் கிள்ளான்
2 ஜூலை 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கப்பல்ல இல்ல. கரையில ஒரு லாட்ஜ்ல இருந்து எழுதுறேன். பயப்படாதீங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

பினாங்குல இறக்கிட்டுக் கிளம்பினோம். சீஃப் வந்து நின்னார். திறக்க மாட்டேன்னு சொன்னேன். வீரமா எல்லாம் சொல்லல, அக்கா. ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு. என் கையிலருந்து ஸ்பேனரை வாங்கி அவரே திறந்தார். அவ்வளவுதான். நான் மாட்டேன்னு சொன்னதால ஒரு சொட்டுகூட குறையல. மழையில போய் நின்னு அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன். உங்க வெள்ளைத் தாள் ஞாபகம் வந்துச்சு. என் கை சுத்தமா இருக்குன்னு ஒரு திருப்தி வரும்னு நினைச்சேன், வரல.

கிள்ளான்ல கப்பலைக் கட்டினதும் நேரா துறைமுக அதிகாரியைப் போய்ப் பாத்தேன். நடந்ததைச் சொன்னேன். போன தடவை திறந்தது என் கைன்னும் சொன்னேன். அந்த ஆள் பேனாவைக் கீழ வெச்சுட்டு, "இதைச் சொல்லாமலே மத்ததைச் சொல்லியிருக்கலாமே?"ன்னு கேட்டார். சொல்லாம எப்படி அக்கா சொல்றது?

ஆளுங்க வந்து ஏறினாங்க. கழுவின தண்ணியை நேரா கடலுக்கு விட ரகசியமாப் போட்டிருந்த இணைப்புக் குழாய் எங்க இருக்குன்னு நான்தான் காட்டினேன். சீஃப் அங்கதான் இருந்தார். என்னைத் திட்டல. "உன் கல்யாணத்துக்கு வரணும்னு இருந்தேன் தம்பி" ன்னார். அதுதான் இன்னும் காதுல கேக்குது.

விசாரணை நடக்குது. என் இஞ்சினியர் சான்றிதழை வாங்கி வெச்சிருக்காங்க. கம்பெனி என்னை இறக்கிவிட்டுடுச்சு. இன்னொரு கம்பெனி எடுக்குமான்னு கேக்காதீங்க.

பரமா


கெலுகோர்
7 ஜூலை 1984

என் தம்பிக்கு,

வீட்டுக்கு வா. உன் அறையைக் கூட்டி மெழுகி வைத்திருக்கிறேன்.



அக்கா


செபராங் ஜெயா
16 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

பக்கத்துலயே வந்துட்டு வீட்டுக்கு வராததுக்கு மன்னிச்சுக்குங்க. பட்டர்வொர்த்துல கப்பல் பழுது பாக்கிற யார்ட் ஒண்ணுல வேலை கிடைச்சிருக்கு. இஞ்சினியர் இல்ல, பம்ப் கழட்டி மாட்டுற வேலை. செபராங் ஜெயாவுல ஒரு அறை எடுத்திருக்கேன். பெர்ரி ஏறினா அந்தப் பக்கம் நீங்க. பெர்ரித்துறை வரைக்கும் ரெண்டு தடவை வந்து திரும்பிட்டேன். உங்க முகத்தைப் பாத்தா சின்னப்பிள்ளை மாதிரி ஆயிடுவேன்னு பயம்.

போன வாரம் உங்க கண்காட்சி இந்தப் பக்கம் வந்திருக்குன்னு கேள்விப்பட்டு பொது மண்டபத்துக்குப் போனேன். உங்க படத்துக்கு முன்னால நின்னேன். கடிதத்துல படிச்சது வேற, நேர்ல பாத்தது வேற. ஒரு பக்கமா ஒதுங்கி நின்னு வர்றவங்களைப் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் வேகமா வந்து, நின்னு, தலையை மேல தூக்கி அந்தக் கோட்டோட கீழ இறங்குறாங்க. வலைகிட்ட வந்ததும் முகம் மாறுது. ஒரு அம்மா கோட்டோட மறு முனையில, தாளுக்கு வெளியே சுவர்ல விரலை வெச்சுத் தேடினாங்க. அங்கதான் நான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

அன்னிக்கு மீனவங்களைப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. ஒரு மலாய்க்கார அம்மா மேடையில ரொம்பக் கொஞ்சமா பேசினாங்க. பேரு நோர்மான்னு சொன்னதும் உங்க கடிதத்துல இருந்தவங்கன்னு தெரிஞ்சுது. கூட்டம் முடிஞ்சு வாசல்ல அவங்க தனியா நிக்கும்போது போய்ச் சொன்னேன். கப்பல்ல இருந்தவன், குழாயைத் திறந்தவன் நான்தான்னு.

அவங்க என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. அப்புறம் "இங்கேயே நில்லு"ன்னு சொல்லிட்டுப் போய்ப் புருஷனைக் கூட்டிட்டு வந்தாங்க. "அவர்கிட்ட சொல்லு" ன்னாங்க. மறுபடி சொன்னேன். முதல் தடவையைவிட ரெண்டாம் தடவை கஷ்டம். அப்துல் ரசாக் கேட்டு முடிச்சுட்டு, "அந்த வலையை எரிச்சுட்டேன்" ன்னார். அதோட திரும்பி நடந்துட்டார். நோர்மா அம்மாவும் போயிட்டாங்க. மன்னிக்கல. ஆறுதலா ஒரு வார்த்தை இல்ல. யோசிச்சுப் பாத்தா அதுதான் சரின்னு படுது. அவங்க என்னை உடனே மன்னிச்சிருந்தா எனக்கு அங்க நிக்க இடமே இருந்திருக்காது.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க படத்தைத் தப்பான ஆளுங்க பாக்கிறாங்க. மண்டபத்துக்கு வர்றவங்க யாரும் குழாய் திறக்கிறவங்க இல்ல. அதைத் திறக்கிறவன் கப்பல்ல கீழ, சத்தத்துலயும் சூட்டுலயும் தனியா நிக்கிறான். நான் நின்ன இடத்துல அந்தப் படம் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா இருந்திருக்கணும்.

யார்ட்டுக்கு வர்ற கப்பல்லெல்லாம் நான் கீழ இறங்கித்தான் வேலை செய்யறேன்.

பரமா


கெலுகோர்
21 செப்டம்பர் 1984

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அக்காவாக, இரண்டாம் முறை வரைகிறவளாக. இரண்டாமவளுக்குத்தான் அதிகம் வலித்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை.

நோர்மாவை நேற்று போய்ப் பார்த்தேன். அவன் உன் தம்பியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "உன் முகம் இருந்தது" என்றாள். கடனுக்கு வேறு வலை எடுத்திருக்கிறார்களாம். கிளம்பும்போது வாசல் வரை வந்தாள், அது போன தடவை செய்யாதது. அதற்கு மேல் நான் அர்த்தம் தேடவில்லை, நீயும் தேடாதே.

அந்தப் படம் அப்படியே உன் இடத்துக்கு ஆகாது. மண்டபத்தில் வெள்ளை பேசும். எட்டி நின்று பார்க்க இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. நீ நின்ற இடத்தில் அது அழுக்கேறிய வெறும் தாளாகத்தான் தெரியும். எனக்குச் சொல்: அங்கே வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, என்ன நிறம்? சுவருக்கு என்ன வர்ணம்? ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான்? குழாயைத் திறக்கக் கை போகும்போது கண் எங்கே போகிறது?

அக்கா


செபராங் ஜெயா
25 செப்டம்பர் 1984

அக்காவுக்கு,

வெளிச்சம் தலைக்கு மேல, மஞ்சள் பல்பு, கம்பிக்கூண்டுக்குள்ள. சுவர் வெளிர் பச்சை, எல்லாக் கப்பல்லயும் அதே பச்சை. ஆள் ஒரு கை தூரத்துல நிப்பான். கண் அளவுமானியில இருக்கும், அழுத்தம் ஏறுதான்னு பாத்துக்கிட்டு. கையை யாரும் பாக்க மாட்டாங்க. கை தானே வேலை செய்யும்.

அதுதான் அக்கா விஷயமே. கையை யாரும் பாக்கிறதில்ல.

பரமா


கெலுகோர்
14 அக்டோபர் 1984

தம்பி,

இத்துடன் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். பழனியப்பன் பிளாஸ்டிக் தாளில் அடித்திருக்கிறார், எண்ணெய் பட்டால் துடைத்துவிடலாம். ஒரு சாண் அகலம்தான். பச்சைச் சுவரில் பழுப்பு அமுங்கிவிடும் என்பதால் கோட்டைச் சிவப்பாக்கியிருக்கிறேன். வெற்றிடம் போய்விட்டது. கோடும் வலையும் மட்டும். ஆளையும் எடுத்துவிட்டேன், அவருடைய இரண்டு கைகள் மட்டும் வலையைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன, நிஜக் கையின் அளவில். இதைப் பார்க்கிறவனின் கை பக்கத்திலேயே இருக்கும். இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வாசகம் எதுவும் போடவில்லை. எந்த நாட்டுக்காரன் நிற்பான் என்று நமக்குத் தெரியாதே.

அக்கா


செபராங் ஜெயா
3 டிசம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

அளவுமானிக்குக் கீழே, வால்வுக்கு மேலே ஒட்டுறேன். கப்பல்காரங்ககிட்ட கேட்டுட்டுத்தான். சில பேர் சிரிக்கிறாங்க. ஒரு கப்பல்ல நான் ஏணியில ஏறி மேல போகறதுக்குள்ள கிழிச்சுப் போட்டாங்க. இன்னொண்ணு மூணு வாரம் கழிச்சுத் திரும்பி வந்தப்ப அப்படியே இருந்துச்சு, ஆனா ஒரு நாள்காட்டியைக் கொண்டுவந்து அது மேலயே தொங்கவிட்டிருந்தாங்க. நாள்காட்டியை நகத்திட்டு வந்தேன். இதால ஒரு சொட்டாவது குறைஞ்சுதான்னு கேட்டா எனக்குத் தெரியாது.

நேத்து நடந்ததை மட்டும் சொல்றேன். சின்னக் கப்பல் ஒண்ணு, பம்ப் பழுது. ஒட்டிட்டுத் திரும்பினா அங்க மூணாவது இஞ்சினியர் நின்னுக்கிட்டு இருந்தார். நம்ம ஊர் ஆள் இல்ல, தூத்துக்குடிப் பக்கம். படத்தையே பாத்துக்கிட்டு இருந்தார். அப்புறம், "அண்ணே, நீங்க பம்பைக் கழட்டும்போது இந்த இணைப்புக் குழாயையும் கழட்டிக் கொண்டு போயிடுவீங்களா?"ன்னு கேட்டார். எது வழியா விடுறாங்களோ அந்தக் குழாய். இது பழுது பாக்கிற பட்டியல்ல இல்லையேன்னேன். "மாட்டேன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லண்ணே. குழாய் இல்லன்னா நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல" ன்னார்.

அவருக்கு நான் யாருன்னு தெரியாது. நானும் சொல்லல. ரெண்டு பேரும் சேர்ந்து துருப்பிடிச்ச போல்ட்டை எல்லாம் அடிச்சுக் கழட்டினோம். அது போன இடத்துல இரும்பு மூடி வெச்சு இறுக்கினேன். கேட்டா பழசாயிருந்துச்சு, யார்ட்ல தூக்கிப் போட்டாங்கன்னு சொல்லச் சொன்னேன்.

குழாயைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏணி ஏறினேன். உள்ளே மிச்சம் இருந்த எண்ணெய் முதுகு முழுக்க வழிஞ்சுது. யார்ட் துறையில இறக்கி வெச்சுட்டு அது மேலயே உக்காந்துட்டேன், அக்கா.

சட்டையை எத்தனை தடவை தோய்ச்சாலும் போகல. ஞாயித்துக்கிழமை பெர்ரி ஏறி வர்றேன். இதே சட்டையோடதான் வருவேன், வேற நல்லது இல்ல.

பரமா